ரோட்டுக்கு யாரைக் கேட்பது? – வாசகர் கேள்வி பதில்

தெரு, பஸ், நடைபாதை பற்றிய கேள்விகளை அனுப்புங்கள் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். கடிதமும் வாட்ஸ்அப்புமாக நிறைய வந்து சேர்ந்தன. பாதிக்கு மேல் ஒரே கதைதான். "சபைக்குப் போனோம், இது எங்கள் ரோடு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்." அதனால் அதையே முதலில் எடுக்கிறேன். பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அக்கா, எங்கள் தோட்டத்தில் மேல்பிரிவுக்கு ஏறுகிற ரோட்டில் ஆட்டோக்காரர்கள் வரமாட்டேன் என்கிறார்கள். வந்தாலும் இரண்டு மடங்கு காசு. பிரதேச சபையில் கேட்டால் அது தோட்டத்து ரோடு என்கிறார்கள், தோட்ட ஆபீசில் கேட்டால் சபைக்குப் போகச் சொல்கிறார்கள். உண்மையில் அது யாருடைய ரோடு?
– வாசகர், நோர்வூட்

பதில்: தம்பி, மலையகத்தில் ஒரு ரோட்டுக்கு நான்கு பேரில் ஒருவர் சொந்தக்காரராக இருக்கலாம். A, B என்று இலக்கமிட்ட பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. அவிசாவளையில் தொடங்கி ஹட்டன், தலவாக்கலை வழியாக நுவரெலியா போகிற A7 அப்படிப்பட்டது, பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை போகிற A5-உம் அப்படித்தான். C, D தரத்து வீதிகள் மாகாணத்தின் பொறுப்பு. ஊருக்குள் இருக்கிற சின்ன ரோடுகள், ஒழுங்கைகள் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை என்று அந்தந்த இடத்துச் சபைக்குரியவை. நான்காவதுதான் உங்கள் கதை. தோட்டத்துக்குள் ஓடுகிற ரோடுகள் தோட்டக் காணியோடு சேர்ந்தவை, காணி அரசுடையது, 1992க்குப் பிறகு அதை நடத்துவது பெருந்தோட்டக் கம்பனிகள். கொழுந்து லொறி போவதற்காக வெட்டிய ரோடு அது. ஆனால் இன்று அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், கர்ப்பிணிகளும், டவுனுக்கு வேலைக்குப் போகிற இளைஞர்களும்தான் அதிகம் போகிறார்கள். கணக்கில் மட்டும் அது இன்னும் லொறி ரோடு.

"இது தோட்டத்து ரோடு" என்று சபை சொன்னது நெடுங்காலம் சட்டப்படியும் சரியாகத்தான் இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று, தோட்டக் குடியிருப்புகளுக்குள் சபை தன் பணத்தைச் செலவழிக்க அது தடையாக நின்றது. நாம் வாக்குப் போட்டோம், உறுப்பினரைத் தெரிவு செய்தோம், தவிசாளரைக்கூட உருவாக்கினோம், ஆனால் நம் லயத்துக்கு முன்னால் ஒரு லோட் சல்லி போட அந்தச் சபைக்கு வழியில்லை! இதை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வரும். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. அதே காலத்தில் நுவரெலியா மாவட்டத்தில் அம்பகமுவ பிரதேச சபை அம்பகமுவ, நோர்வூட், மஸ்கெலியா என்று மூன்றானது, நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று மூன்றானது. உங்கள் நோர்வூட் சபையே அப்படிப் பிறந்ததுதான். ஆகவே "தோட்டத்துக்குள் செய்ய எங்களுக்குச் சட்டமில்லை" என்று இன்று யாராவது சொன்னால் அது பழைய கதை. தோட்ட நிர்வாகத்தோடு பேசித்தான் செய்யவேண்டும் என்றால் அது சரி. ஆனால் அந்தப் பேச்சைப் பேசவேண்டியது சபை. உங்களை இரண்டு ஆபீசுக்கும் நடையாய் நடக்க வைக்க அவர்களுக்கு எந்த நியாயமும் இல்லை.

இனி வாயால் கேட்காதீர்கள். சபையில் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் கட்டாயம் இருப்பார். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அவருக்கு ஒரு விண்ணப்பம் கொடுங்கள். தமிழிலேயே எழுதலாம், எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, எழுத வராதவர் நேரில் போய்ச் சொன்னால் அதை எழுதி எடுத்துக்கொள்வதும் அவர்கள் வேலை. மூன்று விஷயம் கேளுங்கள். இந்த ரோடு சபையின் வீதிப் பதிவேட்டில் இருக்கிறதா? இல்லையென்றால் யாருடைய பொறுப்பில் இருப்பதாகச் சபை கருதுகிறது? கடந்த ஆண்டுகளில் இதற்கு ஏதாவது பணம் ஒதுக்கப்பட்டதா? பதினான்கு வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானித்தாக வேண்டும். பதில் வராவிட்டால் அதே சபையில் மேன்முறையீட்டைக் கேட்கிற அலுவலருக்கு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். கையில் எழுத்தில் ஒரு பதில் வந்துவிட்டால் அதற்குப் பிறகு அங்கே போ, இங்கே போ என்ற பேச்சு நிற்கும். அந்தத் தாளைப் போட்டோக்கொப்பி எடுத்து ஒன்றைத் தோட்ட ஆபீசிலும் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஒழுங்கைக்குத் தார்க் காபட் போட்டு ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. கொந்தராத்துக்காரர் சாப்பிட்டுவிட்டார் என்று எல்லோரும் பேசுகிறோம். யாரிடம் முறையிடலாம்?
– வாசகி, தலவாக்கலை

பதில்: சாப்பிட்டிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. அந்த வேலையின் மதிப்பீடு, தாரின் கனம், உத்தரவாதக் காலம் எல்லாவற்றையும் முதல் பதிலில் சொன்ன அதே விண்ணப்பத்தால் கேட்டு வாங்கலாம், உத்தரவாதக் காலத்துக்குள் உடைந்திருந்தால் அவரே வந்து திருத்திக் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்கு முன் மழை பெய்கிற நேரம் ஒருமுறை வெளியே வந்து தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள் அக்கா.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இதே மாதிரி முறைப்பாடு வந்த ஒரு ஒழுங்கையை நானே போய்ப் பார்த்தேன். ஒரு முடக்கு. மேட்டுப் பக்கத்து வடிகானில் மண் நிறைந்து புல் முளைத்திருந்தது, மண்ணுக்குள் யோகட் கோப்பை, பால்மா பைக்கற், லன்ச் ஷீட். அதற்குச் சற்று மேலே ஒரு வீட்டுக்காரர் ஆட்டோவை வீட்டுக்குள் எடுக்க வசதியாகக் கானுக்கு மேலே கொங்கிரீட் போட்டிருந்தார், அடியில் குழாய் வைக்கவில்லை. மேலிருந்து வருகிற தண்ணீர் அங்கே முட்டி, ரோட்டுக்கு ஏறி, குறுக்கே பாய்ந்து பள்ளத்துப் பக்கத்து ஓரத்தை அரித்துக்கொண்டிருந்தது. காபட்டின் விளிம்புக்கு அடியில் கையை விட்டால் மணிக்கட்டு வரை போகிறது. மேலே பார்த்தால் நல்ல ரோடு, கீழே ஒன்றுமில்லை. அடுத்த மணல் லொறி ஏறினால் அந்தத் துண்டு அப்படியே உட்கார்ந்துவிடும்.

ரோட்டைத் தாங்குவது மேலே தெரிகிற கறுப்புப் படை இல்லை, அதற்கு அடியில் அடுக்கி இறுக்கியிருக்கிற கல்லும் சல்லியும்தான். அதற்குள் தண்ணீர் இறங்கினால் பிடிப்பு விட்டுப் போகும். மலைநாட்டில் அதனால்தான் கானும் மதகும் முதலில், காபட் கடைசியில். நம் ஊரில் தலைகீழாக நடக்கிறது, ஏனென்றால் காபட் போட்டால் திறப்பு விழா வைக்கலாம், கானைத் துப்புரவாக்கினால் யாரும் ரிப்பன் வெட்ட வரமாட்டார்கள். ஒரு ஒழுங்கைக்குச் சபை பணம் ஒதுக்கினால் "கானுக்கு எவ்வளவு?" என்று கேட்கிற வழக்கம் நமக்கு வரவேண்டும். செங்குத்தான இடங்களில் கொங்கிரீட் ரோடுதான் நிற்கும், மேற்பரப்பில் குறுக்குக் கோடு கீறிவிட்டால் மழையிலும் டயர் வழுக்காது. காலமும் பார்க்கவேண்டும். கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, பதுளைப் பக்கம் ஒக்டோபருக்குப் பிறகுதான் பெருமழை. ஹட்டன் பக்கத்து வேலைகள் ஜனவரி முதல் மார்ச் வரை முடிய வேண்டுமென்றால் மதிப்பீடும் கேள்விப்பத்திரமும் முந்தின ஆண்டே தயாராக இருக்கவேண்டும். ஜனவரியில் உட்கார்ந்து மதிப்பீடு போடத் தொடங்கினால் தார் ஊற்றுகிற நாளில் மழை கொட்டும்.

அப்புறம், உங்கள் வீட்டுக்கு முன்னால் கான் இருந்தால் அதையும் பாருங்கள். சபையின் தொழிலாளர்கள் குறைவு, மே மாதத்துக்கு முன் எல்லா இடத்துக்கும் அவர்களால் வரமுடியாது.

கேள்வி: டவுனில் நடைபாதை முழுக்க வியாபாரம். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. இவர்களை ஏன் சபை அப்புறப்படுத்துவதில்லை?
– வாசகி, ஹட்டன்

பதில்: உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். ஹட்டன் டவுனுக்கு ஒரே பிரதான வீதி, அதுதான் A7, அதில்தான் பஸ், லொறி, ஆட்டோ, நடக்கிறவர் எல்லோரும். டிசம்பர் பௌர்ணமியில் சிவனொளிபாதமலை யாத்திரை தொடங்கினால் வெசாக் வரைக்கும் நல்லதண்ணிக்குப் போகிற கூட்டமும் அதே வீதியில்தான். அப்படியான இடத்தில் நடைபாதை கட்டாயம் நடப்பவருக்கு வேண்டும்.

ஆனால் யாரை அப்புறப்படுத்துவது என்பதில் நான் உங்களோடு முழுதாக ஒத்துப்போகவில்லை. சாக்கு விரித்து மரக்கறி விற்கிற பெண் அரை அடி பிடிக்கிறார், அவரைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். பெரிய கடை வாளி, செருப்பு, துணிமணி எல்லாவற்றையும் வெளியே தொங்கவிட்டு நடைபாதையைத் தன் கடையின் முன்னறையாக்கி வைத்திருப்பதை யாரும் கேட்பதில்லை. முதலில் அதை உள்ளே எடுக்கச் சொல்லவேண்டும். தெரு வியாபாரிக்கு பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கிற தூரத்தில் கோடு போட்ட ஓர் இடம் வேண்டும், டவுனுக்கு வெளியே எங்கோ ஒரு கட்டடத்தைக் கட்டி அங்கே போ என்றால் அவர் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார். ஏனென்றால் வாங்குகிறவர்கள் அங்கே போவதில்லை. சம்பள நாளில் தோட்டத்திலிருந்து வருகிறவர் பஸ்ஸில் இறங்கி, வாங்கி, அடுத்த பஸ்ஸில் ஏறுகிறவர். நகர சபை வியாபாரிகளையும் உட்காரவைத்துப் பேசி முடிவெடுத்தால் அது நிற்கும். பொலிஸைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமானை அள்ளினால் அன்றைக்கு மட்டும்தான் வீதி அகலமாக இருக்கும்.

கேள்வி: ஏ.எல். வகுப்பு முடிய மாலை ஐந்தரை ஆகிறது. கடைசி பஸ் ஐந்தே காலுக்கே போய்விடுகிறது, சில நாள் அதுவும் வராது. மூன்று பேர் சேர்ந்து ஆட்டோவில் போகிறோம், மாதக் கடைசியில் காசில்லாமல் வகுப்பையே விட்டுவிடுகிறோம். என்ன செய்யலாம் அக்கா?
– மாணவி, பொகவந்தலாவை

பதில்: மகளே, முதலில் அந்த பஸ் யாருடையது என்று பார். சிவப்பு பஸ் என்றால் இலங்கைப் போக்குவரத்துச் சபை, உங்கள் பகுதி டிப்போ அத்தியட்சகருக்கு எழுத வேண்டும். தனியார் பஸ் என்றால் மாகாணத்துக்குள் ஓடுகிறவற்றுக்கு மத்திய மாகாணத்தின் பயணிகள் போக்குவரத்து அதிகார சபைதான் அனுமதிப்பத்திரம் கொடுக்கிறது. மாகாணம் விட்டு மாகாணம் போகிறவற்றுக்குத் தேசிய போக்குவரத்து ஆணைக்குழு, அவர்களின் முறைப்பாட்டு இலக்கம் 1955. இதில் முக்கியமானது என்னவென்றால், அனுமதிப்பத்திரத்தோடு நேர அட்டவணையும் சேர்த்தே கொடுக்கப்படுகிறது. ஆள் இல்லை, டீசல் காசு வராது என்று கடைசி ஓட்டத்தை வெட்டுவது அவர் இஷ்டம் இல்லை, அது நிபந்தனை மீறல். எந்தெந்த நாள் வரவில்லை என்று நீயும் உன் தோழிகளும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அந்தக் கொப்பி இல்லாமல் போனால் "அப்படி ஒன்றும் இல்லையே, தினமும் ஓடுகிறதே" என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

சிசு செரிய என்ற மாணவர் பஸ் சேவையும் இருக்கிறது, அரசு மானியம் கொடுத்துக் குறைந்த கட்டணத்தில் ஓடுவது. அதை உங்கள் வழிக்குக் கேட்க வேண்டியது பாடசாலை அதிபர். எத்தனை பிள்ளைகள், எந்தத் தோட்டங்கள், எத்தனை மணி என்று விவரத்தோடு அவர் எழுத வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் உன் அம்மாவையே எழுந்து இதைக் கேட்கச் சொல்.

சபைக்கு இதில் வேலையில்லை என்று நினைத்துவிடாதே. பஸ் நிற்கிற இடத்தில் கூரை, விளக்கு, பஸ் திருப்ப இடம் எல்லாம் சபையின் கையில்தான். பல தோட்டங்களுக்கு பஸ் போகாததற்குக் காரணமே மேலே திருப்ப இடமில்லாததுதான், அதைச் சாரதிகளிடம் கேட்டால் சொல்வார்கள். ஒரு லயத்து முன்றில் அளவு நிலத்தைச் சமப்படுத்தினால் பஸ் இரண்டு கிலோமீட்டர் மேலே வரும். எந்தத் தவிசாளராவது இதை வாசித்தால், ஒரு காபட் ரோட்டுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள் என்று கும்பிட்டுக் கேட்கிறேன். பெண்பிள்ளைகள் படிப்பை விடுவதற்கு இருட்டும் ஒரு காரணம்.

கேள்வி: தெருவிளக்கு எரியவில்லை. மின்சார சபையா, நகர சபையா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: மின்கம்பியும் கம்பமும் மின்சாரம் விநியோகிக்கிறவர்களுடையது, விளக்கைப் பொருத்துவதும் மாற்றுவதும் உங்கள் மாநகர சபையின் வேலை. கம்பத்தில் எழுதியிருக்கிற இலக்கத்தைக் குறித்துக் கொடுங்கள், சீக்கிரம் வேலை நடக்கும்.

கேள்வி: பாடசாலைக்கு முன்னால் மஞ்சள் கடவை அழிந்து போய்விட்டது. பிரதேச சபை உறுப்பினரிடம் பல தடவை சொல்லியும் பலனில்லை.
– பெற்றோர், கொட்டகலை

பதில்: பாடசாலை A7 ஓரத்தில் இருந்தால் அந்த உறுப்பினரால் ஒரு டின் பெயின்ட் வாங்கி வந்துகூடக் கோடு போடமுடியாது, அது வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வீதி. அவர்களுடைய நிறைவேற்றுப் பொறியியலாளருக்கு அதிபர் எழுதவேண்டும், பிரதி ஒன்று போக்குவரத்துப் பொலிஸ் பொறுப்பதிகாரிக்கு. கடிதத்தோடு பாடசாலை விடுகிற நேரத்தில் எடுத்த ஒரு படத்தையும் வையுங்கள். கடவை வரும்வரை காலையும் மதியமும் ஒரு பொலிஸ்காரரை நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் பெரும்பாலும் அனுப்புகிறார்கள். கடவையை மட்டும் கேட்காதீர்கள், இறக்கத்தில் வருகிற வாகனத்துக்கு முன்கூட்டியே தெரிகிற மாதிரிப் பாடசாலை அடையாளப் பலகையும் கேளுங்கள். முடக்கு முடிந்த உடனே கடவை இருந்தால் சாரதிக்கு பிரேக் பிடிக்கவே நேரமிருக்காது, அப்படியானால் இடத்தையே கொஞ்சம் தள்ளித் தரச் சொல்லவேண்டும். 2025 மே மாதம் கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள், 2023 ஜனவரியில் நானுஓயா ரதல்ல குறுக்கு வீதியில் ஏழு உயிர். மலை ரோட்டில் "பிறகு பார்க்கலாம்" என்று எதையும் தள்ளிவைக்க எனக்கு மனம் வருவதில்லை.

கேள்வி: ஏப்ரல் வந்தால் நுவரெலியாவில் உள்ளூர்க்காரர் நடமாட முடியவில்லை. வசந்த காலம் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் ஆஸ்பத்திரிக்கு எப்படிப் போவது?
– வாசகர், நுவரெலியா

பதில்: உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. அந்த மாதத்துக்கு ஒருவழிப் பாதை, விசேட போக்குவரத்துத் திட்டம் எல்லாம் போடுகிறார்கள், ஆனால் அது கார்கள் வாவிக்கரைக்கு எப்படி வந்து போவது என்பதற்கான திட்டமாகவே இருக்கிறது. டவுனுக்கு வெளியே வாகனத்தை நிறுத்திவிட்டுச் சின்ன பஸ்ஸில் வரச் சொல்லலாம், ஒரு பாதையை அம்பியூலன்சுக்கும் ஊர் பஸ்ஸுக்கும் ஒதுக்கலாம். மாநகர சபை மார்ச் மாதத்துக்கு முன்பே ஊர்க்காரரைக் கூப்பிட்டுப் பேசவேண்டும். கூப்பிடாவிட்டால் நீங்களே கையெழுத்து வாங்கிப் போங்கள்.

கேள்வி: டித்வா புயலுக்குப் பிறகு எங்கள் ரோட்டோரத்தில் நீளமாக ஒரு வெடிப்பு. சபை வந்து மண் போட்டு மூடிவிட்டுப் போய்விட்டது. பயமாக இருக்கிறது.
– வாசகி, வெலிமடை

பதில்: மண் போட்டு மூடியது போதாது. 2025 நவம்பர் கடைசியில் மலையகம் பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் கொடுத்து, தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆட்கள் வந்து பார்க்க வேண்டும் என்று கேளுங்கள், சரிவு அபாயத்தைச் சொல்லத் தகுதியானவர்கள் அவர்கள்தான். வெடிப்பு அகலமானாலோ, கம்பமோ மரமோ சாய்ந்தாலோ, ஊற்றுத் தண்ணீர் திடீரெனக் கலங்கி வந்தாலோ ரோட்டை மறந்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியேறுங்கள், இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள். எந்தக் கடிதத்துக்கும் பதில் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வட்டார உறுப்பினர் தேர்தலுக்குப் பிறகு போனையே எடுப்பதில்லை. சபையில் என்ன நடக்கிறது என்று நாங்கள் எப்படித் தெரிந்துகொள்வது?
– இளைஞர் குழு, மஸ்கெலியா

பதில்: நேரில் போய்ப் பாருங்கள். சபையின் மாதாந்தக் கூட்டம் மக்கள் பார்க்கத் திறந்ததுதான். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, தேர்தலும் தள்ளிப்போய், 2025 மே 6ஆம் திகதி வாக்களிக்கும் வரை இரண்டு வருடத்துக்கு மேல் கேட்க ஆளில்லாமல் செயலாளர்களின் கையில் சபை இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது ஏங்கினோம். இப்போது ஆள் இருக்கும்போது விட்டுவிடலாமா?

பலருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். பிரதேச சபைச் சட்டத்தில் குழுக்கள் உண்டு: நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவைகள், சுற்றாடல். அவற்றில் உறுப்பினரல்லாத ஊர்க்காரரையும் சேர்க்கலாம். ரோடு சம்பந்தமான விஷயம் தொழில்நுட்பச் சேவைக் குழுவுக்கு வரும், அதில் உங்கள் குழுவிலிருந்து ஒருவரைச் சேர்க்கச் சொல்லித் தவிசாளருக்கு எழுதுங்கள். சேர்ப்பதானால் ஒரு பெண்ணை அனுப்புங்கள். விடிய முன் மலைக்கு ஏறுகிறவரும், சுகமில்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டவுனுக்கு ஓடுகிறவரும் அவர்தான், எந்த இடத்தில் கால் வழுக்கும் என்று அவருக்குத் தெரியும். சபையிலேயே நான்கில் ஒரு பங்கு பெண்களுக்கென்று சட்டம் இருக்கிறது, அந்தப் பெண் உறுப்பினர்களைத் தேடிப் போய்ப் பேசுங்கள், வட்டார உறுப்பினர் போனை எடுக்காவிட்டால் கட்சிப் பட்டியலில் வந்தவரும் உங்கள் உறுப்பினர்தான்.

அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டத்தின் வரைவு ஆண்டுக் கடைசியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அதற்கு முன்பே, செப்டெம்பருக்குள், உங்கள் கோரிக்கை எழுத்தில் போயிருக்கவேண்டும். பத்து ரோட்டையும் கேட்காமல் ஒன்றைக் கேளுங்கள்: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எத்தனை குடும்பம், எத்தனை மதகு உடைந்திருக்கிறது, பள்ளிக்கூடமும் மருந்துச்சாலையும் எவ்வளவு தூரம். கடிதத்தைக் கொடுத்து இன்னொரு பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

கேள்வி: வருடா வருடம் மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். ஏதாவது கழிவு உண்டா?
– வாசகர், கம்பளை

பதில்: உண்டு. முழு ஆண்டுக்குரியதையும் ஜனவரி 31க்கு முன் கட்டினால் நூற்றுக்குப் பத்து, காலாண்டுக்குரியதை அந்தக் காலாண்டின் முதல் மாதத்துக்குள் கட்டினால் நூற்றுக்கு ஐந்து. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள், சபைக்கு ஏதாவது எழுதும்போது அதன் பிரதியையும் இணைத்து அனுப்பலாம்.